டீச்சரைக் கேளுங்கள்: மழைக்குத்தான் லீவு, அடுப்புக்கு இல்லை

பத்திரிகை ஆசிரியர் இந்த மாதம் அனுப்பிவைத்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஆள் வேறு, ஊர் வேறு, கையெழுத்து வேறு. சுற்றி வளைத்துக் கேட்பது மட்டும் ஒன்று: வெளியே எதுவும் நிலையாக இல்லை, வீட்டுக்குள்ளாவது கொஞ்சம் ஆறுதல் கிடைக்குமா? மூன்று பேர் சனிப்பெயர்ச்சி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நாலு பக்கம் புரட்டினால் ராசிபலன் இருக்கிறது. மற்றவர்கள் இப்படி வீட்டு முன்னால் அஞ்சடியில் உட்காருங்கள், பேசுவோம்.

கேள்வி: என் கணவர் ஒரு தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று இரண்டு மாதமாகப் பேச்சு. ராத்திரி 2 மணி வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளோடு பேச்சில்லை. சமைத்தது ஆறிப்போய்க் கிடக்கிறது. வீட்டை எப்படிக் கலகலப்பாக்குவது டீச்சர்?
*வாசகி, பீடோர்*

கலகலப்பாக்க வேண்டாம், தங்கச்சி. வேலை போகுமோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனைச் சிரிக்க வைக்கப் போனால் எரிச்சல்தான் வரும். முதலில் அந்தப் பயத்துக்கு ஒரு அளவு போடுங்கள். அளவு தெரியாத பயம்தான் ராத்திரி தூங்கவிடாது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலேசியாவில் மாதம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சம்பளம் வாங்குபவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால் சட்டப்படி இழப்பீடு உண்டு. 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். உங்கள் வீட்டுக்காரருக்கு 11 ஆண்டு, ஆக 220 நாள் சம்பளம். அது தவிர, சம்பளத்தில் சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தாவோடு சேர்த்து மாதாமாதம் பிடித்தார்களே எஸ்ஐபி, அந்த வேலைக் காப்புறுதி 2018 முதல் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது அவர் சந்தா கட்டிய மாதங்களைப் பொறுத்தது. ஒன்றை மட்டும் அவர் காதில் போட்டு வையுங்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்தப் பணம் கிடையாது. "சும்மா ஒரு ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க, உங்களுக்குத்தான் நல்லது" என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சரி, கணக்கு முடிந்தது. இனி வீடு.

நான் பிறந்தது 1952-இல், பேராக்கில் இந்தச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அம்மா பால்வெட்டு வேலை. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். அதனால் 4 மணிக்கு எழுந்து, விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டில்லை. வெட்டில்லை என்றால் கூலியும் இல்லை. இப்போது பத்திரிகையில் 'நிச்சயமற்ற காலம்' என்று எழுதுகிறார்களே, எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அது தினமும் விடியற்காலை வானத்தில் இருந்தது. அம்மா அஞ்சடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். கையை நீட்டித் தூறல் விழுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான், அன்றைய சம்பளம் முடிவாகிவிடும்.

மழை நாளிலும் அம்மா 4 மணிக்கு எழுந்துவிடுவார். ஒட்டுப்பால் துண்டு ஒன்றைக் கொளுத்தி அடுப்புக்குள் தள்ளுவார். கரும்புகை, தாங்க முடியாத நாற்றம், அப்புறம் பால்மர விறகு பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணி கொதிக்கும். மரவள்ளிக் கிழங்கு இருந்தால் அவியும். அதற்குப் பிறகு எங்கள் நாலு பேரையும் அடுப்பு முன்னால் வரிசையாக உட்கார வைத்துப் பேன் பார்ப்பார். மற்ற நாளில் அதற்கு அவருக்கு நேரம் ஏது? மழை நாள் என்றால் எங்களுக்குப் பேன் பார்க்கும் நாள். இந்த 73 வயதிலும் யாராவது என் தலையில் கை வைத்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

"மழைதானேம்மா, கொஞ்சம் தூங்கினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "மழைக்குத்தான்டி லீவு, அடுப்புக்கு இல்லை" என்றார். கடைக்காரர் கடன் புத்தகத்தில் அந்த மாதம் எவ்வளவு ஏறியிருந்தது என்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் கை நிற்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். "மனசு விட்டுப் பேசுங்க" என்று கேட்காதீர்கள். நம் ஆம்பிளைகளுக்கு அது மலாய்க்காரரிடம் சீன மொழியில் பேசச் சொன்ன மாதிரி. 7 மணிக்கு அவர்தான் தேங்காய் துருவ வேண்டும், அவர்தான் சின்னவன் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வேலையை, ஒரே நேரத்தில், தினமும் அவர் பொறுப்பில் விடுங்கள். முதல் வாரம் முறைத்துக்கொண்டு செய்வார். பரவாயில்லை. தேங்காய்க்கு முகம் தெரியாது.

இன்னொன்று. 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரிப் பேச்சு அவர் வாயில் வந்தால் என் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே பேச உதவி எண்கள்: தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: செய்தி பார்க்காமல் இருந்தால் உலகம் தெரியாத ஆளாகிவிட மாட்டோமா?
*வாசகர், தாப்பா*

1969 மே மாதக் கலவரத்தின்போது எங்கள் அப்பாவிடம் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தது. நாட்டில் அவசரநிலை, வெளியே போகப் பயம், எங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்திலும் அவர் காலையில் ஒரு தமிழ்ச் செய்தி, ராத்திரி ஒரு தமிழ்ச் செய்தி, இரண்டுதான் கேட்டார். ஞானம் எல்லாம் ஒன்றும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிடும் என்ற கஞ்சத்தனம். கேட்டு முடித்ததும் பேட்டரியைக் கழற்றி, மறுநாள் வெயிலில் காய வைப்பார், இன்னும் ரெண்டு நாள் தாங்கும் என்று. அப்பா உலகம் தெரியாத ஆளாக ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கைப்பேசியில் சார்ஜ் தீராதது உங்கள் கெட்ட நேரம், தம்பி. தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு 9 மணிக்கு அடுப்படியில் வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: ஜொகூர் பாருவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன், சிங்கப்பூருக்குப் போய் வருகிற வேலை. விடியற்காலை 4:30க்குக் கிளம்பினால் ராத்திரி 9 மணிக்குத்தான் அறைக்கு வருகிறேன். வேலை நிலைக்குமா என்று தெரியாது. 'வீடு' என்று சொல்ல எனக்கு ஒரு கட்டிலும் சோற்றுக் குக்கரும்தான் இருக்கின்றன.
*வாசகர், ஜொகூர் பாரு*

சோற்றுக் குக்கர் இருக்கிறது என்கிறீர்களே தம்பி, பாதி வீடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் சொல்வதைச் செய்யுங்கள். ஒரு சட்டி வாங்குங்கள், ஒற்றை அடுப்பு வாங்குங்கள். அறைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் டீச்சர் சொன்னார் என்று என்னை இழுக்காதீர்கள். ஒரு டின் சார்டின் வாங்குங்கள். பெரிய வெங்காயம் இரண்டை வளையமாக நறுக்குங்கள். காய்ந்த மிளகாய் ஏழெட்டை வெந்நீரில் ஊறவைத்து நசுக்குங்கள். எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, பிறகு மிளகாய். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். மிளகாய் விழுது ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும் வரை சின்னத் தீயில் வதக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றைக் கலக்கும். பிறகு வெங்காயம், அது பாதி வெந்ததும் டின் மீனைக் குழம்போடு கொட்டி, ஒரு கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். மீனைக் கிளறி உடைக்காதீர்கள்.

அந்த வாடை அறைக்குள் மூன்று நாள் நிற்கும். புதன்கிழமை ராத்திரி கதவைத் திறக்கும்போது உங்களுக்கே தெரியும், நான் எதற்கு இதைச் சொன்னேன் என்று.

கேள்வி: வேலை முடிந்து வரும் கணவருக்கு வீடு நிம்மதி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நிம்மதி. மாமியாருக்கும் அப்படித்தான். எனக்கு? நானும் கிளினிக் வேலை முடிந்து 5:30க்குத்தான் வருகிறேன். சில நாள் காரை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, 10 நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். இது தப்பா டீச்சர்?
*வாசகி, பகாவ்*

தப்பே இல்லை. 15 நிமிடம் உட்காருங்கள்.

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். 'வீடு ஒரு கோயில்' என்று எழுதுகிறவர்கள் யாரும் அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது யார் என்று எழுதுவதில்லை. வீட்டு நிம்மதி என்பது தானாக வந்து கூரையில் உட்காரும் புறா இல்லையே. யாரோ ஒருத்தர் கையால் செய்கிற வேலை அது. அந்த ஒருத்தர் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் தோட்டத்தில் 31 ஆண்டு கிராணி, கணக்கு எழுதுபவர். பணி ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருக்க மாட்டார். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்றார்கள். இவருக்குக் கை பரபரத்தது. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோல் மாதிரியே கட்டம் கட்டினார். வெங்காயம் எத்தனை, எரிவாயு எந்தத் தேதியில் மாற்றியது, முட்டை எத்தனை மிச்சம். காலையில் வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து முட்டை எண்ணுவார். தோட்டத்தில் ஆள் எண்ணிய பழக்கம்.

நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் எழுதுறீங்களே, என் வேலையையும் எழுதுங்களேன்" என்றேன். வேடிக்கை என்று நினைத்து எழுத ஆரம்பித்தார். 5:00, தே கலக்கியது. 5:10, சாமி விளக்கு. 5:20, நேற்றுப் பாத்திரம். 5:45, மாவு. இடையில் நிறுத்தி, "மருந்து எடுத்து வைக்கிறது எல்லாம் வேலையா?" என்று கேட்டார். "ஒரு நாளைக்கு எடுத்து வைக்காமல் இருக்கிறேன், அப்புறம் சொல்லுங்க" என்றேன். எழுதினார். பசியாறி முடிப்பதற்குள் முதல் பக்கம் நிறைந்துவிட்டது. மூன்று நாளில் ஐந்து பக்கம். அவர் பெயர் இரண்டு கட்டத்தில் இருந்தது: 'கடைக்குப் போனது', 'குப்பை'.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தங்கச்சி. சொல்ல நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். கிராணி என்றால் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் அவர் கையாலேயே எழுதிய செக்ரோலை அவர் மறுக்க முடியாது. நாலாம் நாள் விடியற்காலை எழுந்து போனால் அடுப்படியில் விளக்கு எரிகிறது. சீனி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி 40 ஆண்டுக்கு மேல், சீனி டப்பா எங்கே என்று தெரியவில்லை! அவர் கலக்கிய தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை. முழுவதும் குடித்தேன். அன்று முதல் காலைத் தண்ணி அவர் வேலை, மத்தியானப் பாத்திரமும் அவர் வேலை. சீனி இப்போதும் அதிகம்தான். நான் சொல்வதில்லை, சொன்னால் "அப்ப நீயே கலக்கு" என்பார்.

நீங்களும் ஒரு வாரம் எழுதுங்கள். சண்டை வேண்டாம், பெருமூச்சு வேண்டாம், குளிர்ப்பெட்டியில் தாளை ஒட்டிவிட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். மாமியாரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் வயதானவர்களுக்குப் பாரமில்லை. 'என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை' என்பதுதான் அவர்களுக்குப் பாரம். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டால் அரிசி கழுவி வைக்கத் தெரியும். "படிக்கிற பிள்ளையாச்சே" என்று வீட்டுக்காரர் சொன்னால், தமிழ்ப்பள்ளியில் 33 ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்த நான் எழுதித் தருகிறேன், ஐந்து தட்டுக் கழுவியதால் எஸ்பிஎம் தேர்வில் தோற்ற பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

தாள் நிறைந்த பிறகும் யாரும் எழுந்து வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு மாதிரிப் பேசுவோம்.

கேள்வி: எங்கேயோ போர், இங்கே விலையேற்றம். 10 கிலோ அரிசிப் பை ஐந்தாறு வாங்கி வைத்தால் மனசுக்குத் தைரியமாக இருக்கும் என்கிறார் அம்மா. வாங்கலாமா?
*வாசகர், கூலிம்*

உங்கள் அம்மா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. 2023-இல் நானும் அதைத்தான் செய்தேன், நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்த ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்நாட்டு அரிசி கடைத் தட்டில் காணாமல் போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு கடை ஏறி இறங்கி நாலு பை வாங்கி அடுப்படிக்குப் பின்னால் அடுக்கினேன். அன்று ராத்திரி உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினேன், மறைப்பானேன்!

வீட்டில் இருப்பது இரண்டு கிழடுகள். எவ்வளவு சாப்பிடுவோம்? தீபாவளி முடிந்து மூன்றாம் பையைப் பிரித்தால் வண்டு. நாலாம் பையில் அரிசியா வண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கார் நிறுத்தும் இடத்தில் பாயை விரித்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, உள்ளே போய்த் தன் வீட்டு முறத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மத்தியானம் வரை புடைத்தோம். அரிசிக்குள் காய்ந்த மிளகாய் போடு என்று அவர், வேப்பிலைதான் சரி என்று நான். கடைசியில் அவர் வாளியில் பாதி, என் வாளியில் பாதி. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த நாலு பையில் எனக்கு மிஞ்சிய ஆதாயம் அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி மரவள்ளியைத் தின்றே பிள்ளைகளைக் காப்பாற்றினார். அது முடிந்து மூச்சு விடுவதற்குள், 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றதில் அவசரகாலம் தொடங்கியது. 1960 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று கெடுபிடி. வெட்டுக்குப் போகும்போது கேட்டில் சோதனை போடுவார்கள், ஒரு பிடி சோறு கொண்டு போக முடியாது என்பார் அம்மா. கடையில் டின் சாமான் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்களாம். சேர்த்து வைக்க வழியில்லை, அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். அதனால் ஒரு வீட்டில் டின் பால் வந்தால் பக்கத்து மூன்று வீட்டுக்கும் பால் தேத்தண்ணி. அம்மா இதைக் கஷ்டக் கதையாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஆகவே தம்பி, சாப்பிடுகிற பை ஒன்று, காத்திருக்கிற பை ஒன்று. அதற்கு மேல் வண்டுக்குத்தான். அம்மாவின் மனசுக்கு வேறு வழி இருக்கிறது. எங்கள் பாட்டி உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மைலோ டின்னில் போட்டுவிடுவார். தினம் ஒரு பிடி. சோற்றில் குறைந்தது யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த டின்னை அசைத்துப் பார்த்து, சத்தத்தை வைத்தே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்வார். உங்கள் அம்மாவிடம் ஒரு மைலோ டின் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வயது 68. தோட்டம் கைமாறிவிட்டது. 40 ஆண்டு இருந்த லயத்து வீட்டைக் காலி செய்து, தாமான் குடியிருப்பில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். மனைவி ஒவ்வொரு சாமானையும் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எதை எடுப்பது, எதை விடுவது?
*வாசகர், லாபிஸ்*

ஐயா, இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் தப்பாகச் செய்தவள்.

1991-இல் நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. கட்டில், அலமாரி, சாமிப் படம், பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறின. பின்பக்கம் பைப்படி ஓரத்தில் பாட்டி காலத்து அம்மி. ஏற்றிவிட வந்த பையன்கள், "இது எதுக்கு டீச்சர்?" என்றார்கள். மிக்சி வாங்கியாயிற்று, இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே போடுவது என்று நானும் விட்டுவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

புது வீட்டில் தினமும் மத்தியானம் 3 மணிக்கு அம்மா அடுப்படிக்கு வருவார். சும்மா நிற்பார். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொள்வார், ஈரமே இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்தேன். சில மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் 3 மணி என்றால் ராத்திரிச் சமையலுக்கு மிளகாய் அரைக்கிற நேரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அம்மியை எடுத்துவரப் போனேன். லயமும் இல்லை, பைப்படியும் இல்லை. தரையைச் சமமாக்கிச் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள்.

ஈப்போவில் ஒரு புது அம்மி வாங்கி வந்தேன். புதுக் கல் ஆச்சே, அரைத்தால் மணல் உதிர்ந்தது. "இதை இப்படியே எப்படி வைக்கிறது?" என்று அம்மா முதன்முதலாக அந்த வீட்டில் குரலை உயர்த்தினார். குருணை அரிசியையும் கல்லுப்பையும் போட்டு அரைப்பார், கழுவிக் கொட்டுவார், மறுபடி அரைப்பார். ஒரு வாரம் அந்தக் கல்லைப் பழக்கினார். விரலை வைத்துத் தடவிப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, எட்டாம் நாள் "ம், ஆச்சு" என்றார். அன்றைக்கு மிளகாய் அரைத்து நெத்திலிச் சம்பல்.

அதனால் உங்கள் வீட்டம்மாவிடம் 'எது வேண்டும்' என்று கேட்காதீர்கள், எல்லாமே வேண்டும் என்பார். காலையில் எழுந்ததிலிருந்து எந்த நேரத்துக்கு எதைக் கையில் எடுக்கிறார் என்று ஒரு நாள் கூடவே இருந்து பாருங்கள். அதை எல்லாம் ஏற்றுங்கள், கல்லாக இருந்தாலும் சரி. கண்ணாடி அலமாரியில் 20 ஆண்டாகத் திறக்காமல் இருக்கும் பீங்கான் செட்டை மகளுக்கோ மருமகளுக்கோ கொடுத்துவிடலாம். அழுகை இருக்கும், இருக்கட்டும். அதைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வெளியே இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். முருங்கையில் கை மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளையாகப் பார்த்து மூன்றடி நீளத்துக்கு வெட்டி, வெட்டிய இடம் ஓரிரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். கறிவேப்பிலை மரத்தடியில் வேரிலிருந்து முளைத்த சின்னக் கன்று இருக்கும். சுற்றிலும் மண்ணோடு தோண்டி, வேர் அறுந்துவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றி எடுங்கள். லாரியில் போட வேண்டாம், காற்றில் வாடிவிடும். வீட்டம்மா மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். மகன் வீட்டு முன்னால் முழுக்கச் சிமெண்டு போட்டிருந்தால் கவலை இல்லை, பழைய பெயிண்ட் வாளி போதும். நன்றாகக் கழுவிவிட்டு, அடியில் நாலு ஓட்டை போட மறந்துவிடாதீர்கள்.